நோயில்லாதவருக்கு ஒரு மாத்திரை!

தலைவலி வந்தவர் மாத்திரை சாப்பிடுகிறார். ஜுரம் வந்தவர் கஷாயம் குடிக்கிறார். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் உடம்பில் எந்தக் குறையும் இல்லாத ஒருவர், காலையில் குளித்து முழுகி, பஸ் ஏறி, ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், "மறதி நோய்க்கான மாத்திரை ஒன்று கொடுங்கள்" என்று கையை நீட்டினால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? "ஐயோ பாவம், இவருக்கு வேறு ஏதோ கோளாறு!" என்றுதானே?

அவசரப்பட்டு அப்படி நினைத்துவிடாதீர்கள். அவருக்குப் புத்தி சரியாகத்தான் இருக்கிறது. சொல்லப் போனால், சரியாக இருக்கிறது என்பதற்காகவேதான் அவரை அழைத்திருக்கிறார்கள். மறதி நோய் மருந்துகள் மூளையில் என்ன செய்கின்றன என்பதை அளந்து பார்க்க, நோயே இல்லாத மூளை ஒன்று வேண்டியிருக்கிறது. இது என்ன விந்தை என்கிறீர்களா? வாருங்கள், அந்த ஆராய்ச்சிச் சாலைக்குள் நாமும் ஒரு முறை எட்டிப் பார்ப்போம்.

சாய்வு நாற்காலியில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருக்கிறார். நீச்சல்காரர்கள் அணிவது போன்ற ஒரு தொப்பியை அவர் தலையில் இறுக்கமாக மாட்டியிருக்கிறார்கள். தொப்பி முழுவதும் சிறு சிறு உலோக வில்லைகள். 19 வில்லைகளும் இருக்கலாம்; 64-ம் இருக்கலாம். ஒவ்வொரு வில்லைக்கும் தலைக்கும் நடுவே உப்புக் கலந்த பசையை ஒரு பெண்மணி பொறுமையாகத் தடவுகிறாள். (அன்றைக்கு அந்த இளைஞர் வீட்டுக்குப் போனதும் இன்னொரு முறை தலைக்குக் குளிக்க வேண்டியதுதான்!) வில்லைகளிலிருந்து புறப்படும் கம்பிகள் ஒரு யந்திரத்துக்குப் போகின்றன.

"கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருங்கள். தூங்கி மட்டும் விடாதீர்கள்" என்கிறார் டாக்டர்.

சும்மா இருப்பது எவ்வளவு சிரமமான வேலை என்று நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? அந்த வேலையைத்தான் நம் இளைஞர் சில நிமிஷம் செய்கிறார். பிறகு ஒரு மாத்திரை. சில மணி நேரம் கழித்து மறுபடியும் அதே சும்மா இருத்தல். முன்னதற்கும் பின்னதற்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் கேள்வி.

கணவர் பெயர் மறந்த மாது

இந்தக் கதை எங்கே தொடங்குகிறது தெரியுமா? ஜெர்மனி தேசத்தில், பிராங்க்பர்ட் நகரில், 1901-ம் ஆண்டில். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் அகஸ்டே டிட்டர் என்ற 51 வயது மாதைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். டாக்டர் அலாய்ஸ் அல்ஸைமர் அவளிடம் பெயரைக் கேட்டார். "அகஸ்டே" என்றாள். கணவர் பெயரைக் கேட்டார். அதற்கும் தன் பெயரையே சொன்னாள். குடும்பத்தைக் கட்டிக் காத்த ஒரு பெண்மணிக்கு, கொண்டவர் பெயரே நினைவிலிருந்து நழுவிப்போய்விட்டது.

1906-ல் அவள் காலமானாள். அல்ஸைமர் அவள் மூளையைப் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்து ஆராய்ந்தார். மூளை சுருங்கியிருந்தது. உயிரணுக்களுக்கு நடுவே திட்டுத் திட்டாக ஏதோ படிந்திருந்தது. அணுக்களுக்கு உள்ளேயோ நூல் சிக்குப் போன்ற இழைகள். அதே ஆண்டு நவம்பரில் ட்யூபிங்கன் நகரில் கூடிய வைத்தியர்களிடம் இதை எடுத்துச் சொன்னார். 1910-ல் அந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

மறதி நோய்களில் அல்ஸைமர் நோய்தான் மிகுதி. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு ஏதாவது ஒரு வகை மறதி நோய் இருக்கக்கூடும் என்று 2023-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. ஆகவே, இது யாரோ அயல் தேசத்தார் சங்கதி என்று நாம் பக்கத்தைப் புரட்டிவிட முடியாது.

தவளை சொன்ன சேதி

மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன? இதற்கு விடை கிடைத்த கதை மிகவும் ரஸமானது. அதுவும் ஒரு மறதியில்தான் ஆரம்பிக்கிறது!

ஆஸ்திரியா தேசத்தில் ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி இருந்தார். ஓர் இரவு கனவில் அவருக்கு அற்புதமான ஒரு யோசனை தோன்றியது. அரைத் தூக்கத்தில் எழுந்து ஒரு காகிதத்தில் கிறுக்கி வைத்துவிட்டுப் படுத்தார். விடிந்து பார்த்தால், தம் கையெழுத்து தமக்கே புரியவில்லை! யோசனையும் நினைவுக்கு வரவில்லை. அன்று முழுவதும் மனிதர் பட்ட பாடு சொல்லி முடியாது. நல்ல வேளை, மறுநாள் இரவு அதே கனவு மறுபடியும் வந்தது. இந்தத் தடவை அவர் காகிதத்தை நம்பவில்லை. அந்த வேளையிலேயே நேரே ஆராய்ச்சிச் சாலைக்கு ஓடினார்.

இரண்டு தவளை இருதயங்களைத் தனித்தனிக் கிண்ணங்களில் துடிக்க வைத்தார். முதல் இருதயத்தின் நரம்பை மின்சாரத்தால் தூண்டினார். அதன் துடிப்பு மெதுவாயிற்று. அந்த இருதயம் மிதந்த நீரை எடுத்து இரண்டாவதன் மேல் விட்டார். என்ன ஆச்சரியம்! யாரும் தொடாமலே அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்பு ஏதோ ஒரு ரசத்தைச் சுரந்துதான் சேதி சொல்கிறது என்பது 1921-ல் இப்படி வெளிப்பட்டது. அந்த ரசத்துக்கு அசிடைல்கோலின் என்று பெயர். 1936-ல் லோவிக்கும் ஆங்கில விஞ்ஞானி ஹென்றி டேலுக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

பெயர் வாயில் நுழையவில்லையா? "சேதி ரசம்" என்று வைத்துக்கொள்ளுங்கள். தவளையின் இருதயத்தில் இருக்கும் அந்த ரசம் நம் மூளையிலும் இருக்கிறது. கவனம், புதியதைக் கற்றல், நினைவில் பதித்தல் ஆகிய காரியங்களுக்கு அது அவசியம்.

வேலியோரத்து ஊமத்தை

அது அவசியம் என்று எப்படித் தெரிந்தது? இங்கேதான் நம் ஆரோக்கியசாலிகள் மேடைக்கு வருகிறார்கள்.

ஊமத்தங்காய் தின்றால் புத்தி பேதலிக்கும் என்று நம் கிராமத்துக் குழந்தைக்கும் தெரியும். ஊமத்தையில் இருக்கும் ஸ்கோபாலமின் என்ற சத்து, மூளையில் சேதி ரசம் போய்ச் சேர வேண்டிய வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. ரசம் இருந்தும் சேதி போய்ச் சேருவதில்லை. 1974-ல் அமெரிக்காவில் டேவிட் டிராக்மன் என்ற டாக்டரும் அவருடைய சகாவும், தாமாக முன்வந்த இளம் வயதினருக்கு அளவறிந்து ஸ்கோபாலமின் கொடுத்துப் பார்த்தார்கள். காதில் விழுந்த எண்களை உடனே திருப்பிச் சொல்ல அந்த இளைஞர்களால் முடிந்தது. ஆனால் புதிய விஷயத்தை மனத்தில் இருத்திக்கொள்ள முடியவில்லை. வயதான பாட்டிக்கும் தாத்தாவுக்கும் எந்த இடத்தில் தடுமாறுமோ, அதே இடத்தில் அந்த வாலிபர்களும் தடுமாறினார்கள்! மருந்தின் வேகம் தணிந்ததும் இளமை திரும்பி வந்துவிட்டது என்பது நமக்கு ஆறுதல்.

இரண்டே ஆண்டுகளில், 1976-ல், பிரிட்டனில் மறதி நோயால் இறந்தவர்களின் மூளையைச் சோதித்தபோது, சேதி ரசத்தைத் தயாரிக்கும் பொருள் அங்கே வெகுவாகக் குறைந்திருப்பது தெரிந்தது. இரண்டு சேதியும் கச்சிதமாகப் பொருந்திவிட்டன.

பந்தியில் பாயசம் குறைந்தால்

ரசம் குறைந்துவிட்டது, என்ன செய்வது? வெளியிலிருந்து ஊற்ற வழியில்லை. ஆனால் வேறு ஒரு யுக்தி இருக்கிறது.

கல்யாண விருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பாயசம் பரிமாறிக்கொண்டு வருகிறார். அவருக்குப் பின்னாலேயே இலை எடுக்கிறவர் சுறுசுறுப்பாக வருகிறார். பாயசம் தாராளமாக இருக்கும் வரை அவர் சுறுசுறுப்பு நல்லதுதான்; அடுத்த பந்தி சீக்கிரம் உட்காரலாம். பாயசம் குறைந்துவிட்ட நாளில்? "ஐயா, கொஞ்சம் நிதானம்! சாப்பிடுகிறவர் இலையை வழித்து முடிக்கட்டும்" என்று அவர் கையைப் பிடிக்க வேண்டியதுதான்.

மூளையிலும் சேதி ரசத்தை உடனுக்குடன் துடைத்து எடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. அதன் கையைப் பிடித்து நிறுத்துகிறவையே இன்றைய மறதி நோய் மருந்துகளில் பெரும்பாலானவை.

இந்த யுக்தியைக் கற்றுக் கொடுத்தது ஆப்பிரிக்காவிலுள்ள ஒரு விஷக் கொட்டை. நைஜீரியாவில் காலபார் என்னும் பிரதேசத்தில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு அந்தக் கொட்டையைக் கொடுப்பார்களாம். வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி! 1855-ல் எடின்பரோ நகரத்து டாக்டர் ராபர்ட் கிறிஸ்டிஸன், அதன் குணத்தை அறியத் தாமே ஒரு துண்டைத் தின்று பார்த்தார். தலை சுற்றியது, கை கால் துவண்டது. விபரீதம் என்று கண்டதும், முகச் சவரம் செய்து வைத்திருந்த சோப்புத் தண்ணீரைக் குடித்து வாந்தி எடுத்துப் பிழைத்தார். நாற்காலியில் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறாரே நம் இளைஞர், அவருக்கு இவர் கொள்ளுத் தாத்தா முறை என்று சொல்லலாம்.

அந்தக் கொட்டையிலிருந்து 1864-ல் பிரித்தெடுத்த சத்துக்குப் பைஸோஸ்டிக்மின் என்று பெயர். இலை எடுக்கிறவர் கையை அது நன்றாகத்தான் பிடிக்கிறது. ஆனால் அதன் பலம் சீக்கிரம் தீர்ந்துவிடும். வீட்டில் தினமும் சாப்பிடத் தகுந்ததாக ஒரு மாத்திரை வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஜப்பானிய விஞ்ஞானி ஹாசிரோ சுகிமோட்டோ. அவருடைய தாயாருக்கே மறதி நோய் வந்தது. எதிரே நிற்கும் பிள்ளையைப் பார்த்து யார் என்று கேட்டாள். "ஹாசிரோ" என்று அவர் தம் பெயரைச் சொன்னதும், தனக்கும் அதே பெயரில் ஒரு மகன் இருப்பதாக அந்தத் தாய் சொன்னாளாம். கேட்கும்போதே நமக்கு நெஞ்சு கனக்கிறது அல்லவா? பெற்ற பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்! அவருடைய குழுவினர் பல ஆண்டுகள் பாடுபட்டுக் கண்ட டோனிபெஸில் என்ற மாத்திரைக்கு அமெரிக்க அரசாங்கம் 1996-ல் அனுமதி கொடுத்தது. இன்று உலகெங்கும் வழங்கும் மறதி நோய் மருந்து அது.

மண்டபத்துச் சுவருக்கு வெளியே

சரி, மருந்து மூளைக்குள் போய்விட்டது. அது வேலை செய்கிறதா என்று வெளியில் இருக்கும் நமக்கு எப்படித் தெரியும்? மண்டையைத் திறந்து பார்க்கவா முடியும்?

அதற்குத்தான் அந்த வில்லைத் தொப்பி. அதன் மூல புருஷர் ஜெர்மனியில் யேனா நகரத்து டாக்டர் ஹான்ஸ் பெர்கர். 1924-ல் அவர் மனித மூளையின் மின்சாரத்தை முதன் முதலாகப் பதிவு செய்தார். ஐந்து வருஷம் திரும்பத் திரும்பச் சோதித்த பிறகே, 1929-ல் உலகத்துக்குச் சொன்னார். அவருடைய பரிசோதனைக்கு அடிக்கடி உட்கார்ந்தவர் யார் தெரியுமா? அவருடைய சொந்த மகன்! முதலில் பலரும் அவரை நம்பவில்லை. 1934-ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ஏட்ரியன், தம் தலையையே காட்டி அது உண்மை என்று நிரூபித்த பிறகுதான் வாயை மூடினார்கள்.

அந்த மின்சாரம் எவ்வளவு தெரியுமா? டார்ச் விளக்கில் போடும் ஒரு சிறு பாட்டரியின் சக்தியை எடுத்து 30,000 பங்கு போட்டால், அதில் ஒரு பங்கு இருக்கும். அவ்வளவு நுட்பம்!

கல்யாண மண்டபத்துச் சுவருக்கு வெளியே நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று கேட்காது. ஆனால் கெட்டிமேளம் கொட்டினால் தெரியும். எல்லாரும் கலைந்து பந்திக்குப் போனாலும் தெரியும். தொப்பிக்குத் தெரிவதும் இவ்வளவுதான். லட்சக்கணக்கான அணுக்கள் சேர்ந்து தாளம் போட்டால் அது கண்டுகொள்ளும்.

விழித்தபடியே கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது, தலையின் பின்புறத்தில் விநாடிக்கு 8 முதல் 13 அலைகள் கொண்ட ஒரு தாளம் எழும்புகிறது. இதற்கு ஆல்பா அலை என்று பெயர். கண்ணைத் திறந்தால் தாளம் அடங்கிவிடும். மறதி நோயாளிகளிடம் இந்தத் தாளம் தளர்கிறது. மந்தமான அலைகள் மிகுதியாகின்றன. ஆரோக்கியமான இளைஞருக்கு ஸ்கோபாலமின் கொடுத்தாலும் இதே கதைதான்: ஆல்பா குன்றுகிறது, மந்த அலை ஓங்குகிறது. ஆகவே புதிய மருந்து ஒன்றைச் சோதிக்க விரும்புகிறவர்கள், தொண்டர்களுக்கு ஸ்கோபாலமினைக் கொடுத்துத் தற்காலிகமாக மறதியை உண்டாக்கி, புதிய மருந்து அதைத் திருப்புகிறதா என்று பார்க்கிறார்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. காதில் "டிக்... டிக்... டிக்..." என்று ஒரே மாதிரி ஓசை வந்துகொண்டிருக்கும். நடுவில் எப்போதாவது ஒரு தடவை "டங்" என்று கேட்கும். அதை எண்ண வேண்டும். அந்த "டங்" ஓசைக்குச் சுமார் 300 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நேரம் கழித்து, மூளையில் ஒரு பெரிய அலை எழுகிறது. "அடடே, இது வேறு!" என்று மூளை அடையாளம் கண்டுகொள்ளும் அலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது ஏற ஏற அது சற்றுத் தாமதிக்கிறது. மறதி நோயில் இன்னும் தாமதிக்கிறது. மருந்தால் அந்தத் தாமதம் குறைகிறதா என்பதை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் அளக்கிறார்கள்.

அதிகமா? தெளிவா?

இந்த நாளில் தொப்பியோடு காரியம் நின்றுவிடவில்லை. காந்த யந்திரத்துக்குள் படுக்க வைத்து, மூளையின் எந்தப் பகுதிக்கு ரத்தம் அதிகமாகப் பாய்கிறது என்று படம் எடுக்கிறார்கள். மூளையின் மின்சாரம் உண்டாக்கும் காந்தத்தையே அளக்கும் கருவியும் இருக்கிறது. பூமியின் காந்த சக்தியில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான அந்தச் சக்தியைப் பிடிப்பதற்கென்றே, வெளிக் காந்தம் நுழையாத விசேஷ அறை கட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கருவிகள் சொன்ன சேதி என்ன? இங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது.

2000-ம் ஆண்டில், அமெரிக்காவில் பெத்தெஸ்டா என்ற இடத்திலுள்ள அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில், ஆரோக்கியமானவர்களுக்குப் பைஸோஸ்டிக்மினை நரம்பு வழியாக ஏற்றினார்கள். ஒரு முகத்தைக் காட்டி மறைத்துவிட்டு, சில விநாடி கழித்து இரண்டு முகங்களைக் காட்டி, "முன்பு பார்த்தது எது?" என்று கேட்டார்கள். மருந்து ஏறியவர்கள் சீக்கிரமாகவே விடை சொன்னார்கள். அப்படியானால் மூளை முழுவதும் ஜகஜ்ஜோதியாக எரிந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை! பார்வைப் பகுதி சுறுசுறுப்பாயிற்று. ஆனால் நெற்றிப் பக்கத்துப் பகுதி முன்னைவிடக் குறைவாகவே வேலை செய்தது. முகம் முதலிலேயே தெளிவாகப் பதிந்துவிட்டதால், அதை நினைவில் பிடித்து வைக்க அவ்வளவு பிரயாசை தேவைப்படவில்லை.

2008-ல் கலிபோர்னியாவில் பெர்க்லி விஞ்ஞானிகள் டோனிபெஸிலைக் கொடுத்துப் பார்த்தார்கள். கண் முன்னே ஒரு சிறு காட்சி தோன்றும்போது, மூளையின் பார்வைப் பகுதியில் கிளர்ச்சி அக்கம் பக்கத்துக்கும் பரவும். மருந்து சாப்பிட்டவர்களிடம் அந்தப் பரவல் சுருங்கியிருந்தது. மட்டக் காகிதத்தில் எழுதினால் மை ஊறிப் படர்கிறது. நல்ல காகிதத்தில் எழுத்து கரை கட்டி நிற்கிறது. அந்த மாதிரி! 2012-ல் லண்டனில் காந்த அளவைக் கருவியில் பார்த்தபோதும், கவனம் செலுத்தும்போது மூளை அலைகளில் ஏற்படும் மாறுதல் பைஸோஸ்டிக்மினால் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

ஆகவே இந்த மருந்துகள் மூளையை முடுக்கிவிடும் சவுக்கு அல்ல. வேண்டியதை வேண்டாததிலிருந்து பிரித்துக் காட்டும் முறம் என்று சொன்னால் ஓரளவு பொருந்தும்.

அதற்கு ஏன் ஆரோக்கியசாலி?

"நோயாளிகளிடமே இதைப் பார்க்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் நோயாளியின் மூளையில் நோய் எந்த இடத்தில் எவ்வளவு தின்றிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. ரத்தக் கொதிப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று ஏற்கனவே நாலு மாத்திரை சாப்பிடுகிறவராக இருப்பார். எது நோயின் வேலை, எது மருந்தின் வேலை என்று பிரித்தறிவது கடினம். சுத்தமான பலகையில் எழுதினால்தானே எழுத்துத் தெரியும்?

இன்னொன்றும் உண்டு. வாயில் போட்ட மருந்தெல்லாம் மூளைக்குள் போய்விடாது. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே கடுமையான காவல் இருக்கிறது. மருந்து காவலைத் தாண்டியதா, எந்த அளவில் தாண்டியது, எத்தனை மணி நேரம் நின்றது என்பதை ஆரோக்கியசாலிகளிடம் முதலிலேயே அறிந்துகொண்டால், உதவாத மருந்தை நோயாளிகளுக்கு மாதக் கணக்கில் கொடுத்து அவர்களையும் குடும்பத்தாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பரிசோதனைக்கு உட்படுகிறவர் விஷயத்தை முழுவதும் அறிந்து சம்மதிக்க வேண்டும். தம் பெயரையே மறந்தவரிடம் எப்படிச் சம்மதம் வாங்குவது?

மருந்தா, மாவா?

பரிசோதனை நடக்கும் விதத்தையும் கேளுங்கள். இளைஞருக்குக் கொடுத்தது நிஜ மருந்தா, வெறும் மாவு உருண்டையா என்பது அவருக்கும் தெரியாது. கொடுத்த டாக்டருக்கும் தெரியாது! ரகசியம் மூன்றாமவரிடம் பூட்டி இருக்கும். தெரிந்துவிட்டால் மனசு விளையாட ஆரம்பித்துவிடுமே! "மருந்து சாப்பிட்டிருக்கிறேன்" என்ற நினைப்பே சிலரை உற்சாகப்படுத்திவிடும்.

சில வாரங்கள் கழித்து அவர் மறுபடியும் வர வேண்டும். முன்பு மாவு சாப்பிட்டிருந்தால் இப்போது மருந்து. மருந்து சாப்பிட்டிருந்தால் மாவு. ஏன் அத்தனை நாள் இடைவெளி? டோனிபெஸில் உடம்பை விட்டு லேசில் போகாது. அதில் பாதி கழிவதற்கே சுமார் 70 மணி நேரம் ஆகும். தவிர, இரண்டாம் தடவை வரும்போது பழக்கத்தினாலேயே விடைகள் நன்றாக வரும் அல்லவா? அதனால்தான் பாதிப் பேருக்கு மருந்து முதலில், பாதிப் பேருக்கு மாவு முதலில் என்று சீட்டுப் போட்டுப் பிரிக்கிறார்கள்.

அன்றைக்குக் காப்பி கூடாது. முதல் நாள் இரவு கண் விழிக்கக் கூடாது. காப்பியும் தூக்கமும் மூளை அலைகளை மாற்றிவிடும். காலைக் காப்பி இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து, தூங்காமல் சும்மா இருப்பது எப்படிப்பட்ட தியாகம் என்பதைச் சென்னைவாசிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை!

வேடிக்கை இருக்கட்டும். ஆபத்து இல்லையா? இருக்கிறது. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, நாடித் துடிப்பு மெதுவாதல் எல்லாம் இந்த மருந்துகளால் வரக் கூடியவை. தவளையின் இருதயத்தை மெதுவாக்கிய ரசம்தானே இதுவும்! 2006-ல் லண்டனில், வேறொரு நோய்க்கான புத்தம் புதிய மருந்தைச் செலுத்திக்கொண்ட ஆரோக்கியமான வாலிபர்கள் ஆறு பேர், சில மணி நேரத்தில் உயிருக்கு மன்றாடும் நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆறு பேரும் பிழைத்தது தெய்வாதீனம். அதன் பிறகு விதிகளை இன்னும் இறுக்கினார்கள். மனிதர்களிடம் நடத்தும் பரிசோதனைக்கு உலக வைத்தியர் சங்கம் 1964-ல் ஹெல்ஸிங்கி நகரில் வகுத்த நெறிகள் இருக்கின்றன. அவற்றின்படி, பரிசோதனைக்கு வந்தவர் எந்த நிமிஷத்திலும், காரணம் சொல்லாமலே, "நான் வரவில்லை" என்று எழுந்து போய்விடலாம்.

பரீட்சைக்கு ஒரு மாத்திரை?

இதையெல்லாம் படித்துக்கொண்டு வரும் தாய்மார்களில் சிலருக்கு ஒரு சபலம் தட்டியிருக்கும். "ஆரோக்கியமானவர்களுக்கே புத்தி தெளிவாகிறதாமே! நம் பையனுக்குப் பரீட்சை வருகிறதே..." என்று.

வேண்டாம், அம்மா, வேண்டாம்!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2002-ல் அமெரிக்காவில் 18 விமானிகளைக் கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது. பொய் விமானத்தில் பயிற்சி பெற்ற அவர்களில் பாதிப் பேர் 30 நாள் டோனிபெஸில் சாப்பிட்டார்கள். கற்ற வித்தையை அவர்களே மற்றவர்களைவிட நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். ஆனால் வேறு சில ஆராய்ச்சிகளில், ஆரோக்கியமான முதியவர்கள் இதே மருந்தால் ஒரு லாபமும் அடையவில்லை. சில சோதனைகளில் சற்றுப் பின்தங்கவும் செய்தார்கள்.

எல்லாவற்றையும்விட அழகான சோதனை 2004-ல் ஜெர்மனியில் நடந்தது. ஆரோக்கியமான வாலிபர்களை இரவு படுக்கும் முன் ஜோடி ஜோடியாகச் சொற்களை நெட்டுருப் போடச் சொன்னார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும்போது சிலருக்குப் பைஸோஸ்டிக்மின் செலுத்தினார்கள். மருந்து ஏறியவர்களுக்குப் பாடம் இன்னும் நன்றாக நினைவில் நின்றிருக்க வேண்டும் அல்லவா? நேர்மாறாக, சும்மா தூங்கினவர்களுக்குக் கிடைத்த லாபம் அவர்களுக்குக் கிடைக்காமல் போயிற்று! பகலில் படிக்கும்போது சேதி ரசம் மிகுந்திருக்க வேண்டும். இரவில் ஆழ்ந்து தூங்கும்போது அது வற்றியிருக்க வேண்டும். அப்போதுதான் படித்தது படியும். இந்த ஏற்ற இறக்கத்தை இயற்கை தானாகவே நடத்துகிறது. அதன் நடுவே நாம் மாத்திரையை நுழைத்தால் காரியம் கெடும். ஆகவே பையனுக்கு மாத்திரை வேண்டாம். இரவு நேரத்தோடு விளக்கை அணைத்துத் தூங்க விடுங்கள். அதுவே கைகண்ட மருந்து.

பாட்டி மறக்கும்போது

கடைசியாக ஒரு வார்த்தை. சாவியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுவது நோய் அல்ல. நாற்பது வருஷமாக வைத்த சாம்பாரை எப்படி வைப்பது என்று பாட்டி அடுப்பங்கரையில் திகைத்து நின்றால், பழகிய தெருவில் தாத்தா வழி தவறினால், ஒரே கேள்வியைக் கால் மணிக்கு ஒரு தடவை கேட்டால், "வயசாகிவிட்டது, அப்படித்தான்" என்று இருந்துவிடாதீர்கள். டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போங்கள். பி-12 வைட்டமின் குறைவாலும், தைராய்டு சுரப்பி மந்தத்தாலும், மனச்சோர்வாலும்கூட மறதி வரலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அல்ஸைமர் நோய்தான் என்றால், டோனிபெஸில் போன்ற மருந்து நோயை வேரோடு பிடுங்கிவிடாது. சிலருக்குச் சில காலம் வரை பிடி தளராமல் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் பேரன் பெயரைப் பாட்டி இன்னும் ஆறு மாதம் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டால், அந்த வீட்டில் அது சின்ன விஷயமா?

அதோ, நம் இளைஞருக்குச் சோதனை முடிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றுகிறார்கள். தலையெல்லாம் பசை. கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டே கிளம்புகிறார். தாம் சாப்பிட்டது மருந்தா, மாவா என்று அவருக்கு இன்னும் தெரியாது. அவர் தலையிலிருந்து பதிவான அலைகள் எந்த ஊர்ப் பாட்டிக்கு உதவப் போகின்றன என்பதும் தெரியாது.

வாசலில் இறங்கியதும், முதல் காரியமாக, ஒரு நல்ல காப்பி சாப்பிடப் போகிறார். நாமும் அவரை வாழ்த்தி அனுப்புவோம்!